'இஸம்' என்னும் ஈறு

ஆங்கிலத்தில் 'இஸம்' என்று முடியும் சொற்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால் வியப்பே மேலிடும். பாப்டிஸம் என்பது ஒரு சமயச் சடங்கு. ருமாட்டிஸம் மூட்டுகளைப் பற்றி வருத்தும் நோய். ஹீரோயிஸம் மனிதரிடத்தே காணப்படும் ஒரு குணம். பிளேஜியரிஸம் பிறர் எழுத்தைத் திருடும் குற்றம். மாக்னடிஸம் காந்தக் கல்லில் உறையும் ஆற்றல். சோஷலிஸம் ஓர் அரசியல் கொள்கை. ரேஸிஸம் என்பதோ ஓர் இனத்தார் மற்றோர் இனத்தார்மீது கொள்ளும் இழிவெண்ணம். சடங்கும் நோயும், குணமும் குற்றமும், கொள்கையும் வெறியும் ஒரே ஈற்றை அணிந்துகொண்டு ஒரே பந்தியில் அமர்ந்திருக்கின்றன. எதனால் இவ்வாறு நேர்ந்தது?

இவ்வினா இலக்கணம் கற்றோர்க்கு மட்டும் உரிய பொழுதுபோக்கு அன்று. கடந்த 200 ஆண்டுகளில் மக்கள் தம்முள் ஒன்றுசேர்ந்ததும் பிரிந்ததும் பெரும்பாலும் இவ்வீற்றை உடைய சொற்களை முன்னிட்டே. நம் நாட்டுச் சமயங்களுக்கும் ஆங்கிலத்தில் இதே ஈற்றை ஒட்டித்தான் பெயர் சூட்டினார்கள். பெயர் சூட்டுவதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. பெயர் மெல்ல மெல்லப் பொருளையும் தன் அச்சில் வார்த்துவிடுகிறது. ஆகவே இந்த ஈறு எங்கே பிறந்தது, எவ்வழியாக நடந்து வந்தது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் இரண்டொரு போலிச் சுற்றத்தாரை விலக்கிவிடுதல் நலம். ஒளிக்கதிரை ஏழு வண்ணங்களாகப் பிரித்துக் காட்டும் கண்ணாடிப் பட்டகத்தைப் பிரிஸம் என்கிறார்கள். சமயத்தாரிடையே நேரும் பிளவைச் ஸ்கிஸம் என்கிறார்கள். அறுத்தல், பிளத்தல் என்னும் பொருளுடைய கிரேக்க வினைகளிலிருந்து வந்த இவற்றில் 'இஸ்' என்பது வினையடியைச் சேர்ந்தது. ஒலியொற்றுமையைத் தவிர வேறு உறவு இல்லை. தமிழில் பெருமை, சிறுமை, வறுமை என்பவற்றில் 'மை' பண்பைக் காட்டும் விகுதி. அதற்காக எருமையிலும் ஆமையிலும் அவ்விகுதியைத் தேடுவார் உண்டோ?

உண்மையான 'இஸம்' கிரேக்க மொழியில் பிறந்தது. அம்மொழியில் ஒரு பெயரோடு 'இஸெய்ன்' என்பதைச் சேர்த்தால் வினையாகும். அவ்வினையிலிருந்து 'இஸ்மோஸ்' என்று முடியும் தொழிற்பெயர் பிறக்கும். நீரில் அமிழ்த்துதலைக் குறித்த பாப்டிஸெய்ன் என்னும் வினையிலிருந்து வந்ததே பாப்டிஸம். எனவே தொடக்கத்தில் இந்த ஈற்றுக்குக் கொள்கை என்ற பொருளே கிடையாது. செய்தல் என்பதுதான் அதன் பொருள். நம்முடைய 'தல்' விகுதி போன்ற எளிய ஈறு அது.

கிரேக்கர் அதனை எவ்வாறெல்லாம் ஆண்டனர் என்பதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையே சான்றாக நிற்கிறது. கி.மு. 480-இல் பாரசீகப் பேரரசின் கடற்படையைச் சாலமிஸ் நீரிணையில் முறியடித்து ஆதென்ஸ் நகரைக் காத்தவர் தெமிஸ்டோக்ளீஸ். அப்பெருவெற்றி நிகழ்ந்து பத்தாண்டுகள் ஆவதற்குள்ளாகவோ சற்றுப் பின்னரோ அதே ஆதென்ஸ் நகரத்தார் அவரை ஆஸ்ட்ரஸிஸம் செய்தனர். ஆஸ்ட்ரகோன் என்றால் உடைந்த மட்பாண்டத்தின் ஓடு. யாரேனும் ஒருவர் நகரில் மிகுந்த செல்வாக்குப் பெற்று மக்களாட்சிக்கு இடையூறாகக்கூடும் என்று தோன்றினால், குடிமக்கள் அவர் பெயரை ஓட்டில் கீறி இடுவார்கள். 6,000 வாக்குக்குக் குறையலாகாது என்பது வரையறை. மிகுதியான ஓடுகள் யார் பெயரால் விழுந்தனவோ அவர் பத்து ஆண்டுகள் நகரை விட்டு அகன்றிருத்தல் வேண்டும். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை, சொத்தும் பறிபோகாது. ஓலைத் துண்டுகளைக் குடத்திலிட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்த நம் உத்தரமேரூர்க் குடவோலை முறை நினைவுக்கு வரலாம். அங்கே ஓலை ஒருவரை அவைக்குள் அழைத்தது. ஆதென்ஸிலோ ஓடு ஒருவரை ஊருக்கு வெளியே அனுப்பியது.

ஆதென்ஸ் கோட்டைக் குன்றின் வடசரிவில் ஒரு பழங்கிணற்றை அகழ்ந்தபோது, தெமிஸ்டோக்ளீஸின் பெயர் பொறித்த ஓடுகள் ஏறத்தாழ 190 கிடைத்தன. ஆய்ந்து பார்த்ததில் அத்தனை ஓடுகளையும் எழுதியவை பதினான்கு கைகளே என்று தெரியவந்தது. வாக்களிக்க வருவோரிடம் கொடுப்பதற்காக எவரோ முன்கூட்டியே எழுதிக் குவித்தவை போலும்! தேர்தல் உத்திகள் நம் காலத்தில் தோன்றியவை என்று எண்ணுவோர் அந்தக் கிணற்றை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

தெமிஸ்டோக்ளீஸைப் பிடித்த இரண்டாவது 'இஸம்' இன்னும் கொடியது. வெளியேறியிருந்த காலத்தில் அவர்மீது மேடிஸ்மோஸ் என்ற குற்றம் சாட்டப்பட்டது. பாரசீகரைக் கிரேக்கர் மேடர் என்றும் வழங்கினர். மேடிஸ்மோஸ் என்றால் மேடர் பக்கம் சாய்தல், பகைவனுக்கு உளவாதல். பாரசீகரை வென்ற வீரர், இறுதியில் பாரசீக மன்னரிடமே புகலடைந்து, அவருக்குக் கீழ் ஒரு நகரை ஆண்டு அங்கேயே இறந்தார். முதல் இஸம் ஒரு நடைமுறை. இரண்டாவது இஸம் ஒரு பழிச்சொல். தம்மை மேடிஸ்மோஸ் உடையவர் என்று பெருமையோடு கூறிக்கொண்ட கிரேக்கர் எவரும் இருந்திருக்க முடியாது. இதை நாம் நினைவில் நிறுத்துவோம். பிறர்மேல் எறியும் கல்லாக இந்த ஈற்றைப் பயன்படுத்தும் வழக்கம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

மேடரைப் போல் ஒழுகுதல் ஓர் இஸம் என்றால் பிற மக்களைப் போல் ஒழுகுதலும் இஸமாகலாம் அன்றோ? கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் யூதர் நாட்டைக் கிரேக்க மரபினரான மன்னர் ஆண்டபோது, யூதரிற் சிலர் கிரேக்கரின் நடையுடை பாவனைகளை மேற்கொண்டனர். அக்கால நிகழ்ச்சிகளைக் கூறும் இரண்டாம் மக்கபேயர் என்னும் நூல் அதனை ஹெலனிஸ்மோஸ் என்று குறிக்கிறது. அதற்கு எதிராகத் தம் முன்னோர் முறைமையைக் காக்கப் போராடியவர்களின் வாழ்வு யூதயிஸ்மோஸ் எனப்பட்டது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியா நகரத்து ஆயரான இக்னேஷியஸ், இதனின்றும் வேறுபடுத்திக் கிறிஸ்டியானிஸ்மோஸ் என்ற சொல்லைத் தம் கடிதங்களில் ஆண்டார். ஒரு செயலைக் குறித்த ஈறு ஒரு கூட்டத்தாரின் வாழ்க்கை முறையைக் குறிப்பதாயிற்று. அங்கும் அது தனித்து நிற்கவில்லை. ஓர் இஸத்துக்கு எதிரே மற்றோர் இஸம் நின்றது.

லத்தீன் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் இந்த ஈறு ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திருச்சபை பிளவுபட்டபோது இதற்கு அறுவடைக் காலம் வந்தது. லூதரனிஸம், கால்வினிஸம், பியூரிட்டனிஸம் எனப் பெயர்கள் பெருகின. இவற்றுள் எத்தனை பெயர்கள் மாற்றார் வாயிற் பிறந்தவை என்பது நோக்கத்தக்கது. மெதடிஸ்ட் என்பதுகூட 18-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு மாணவர் சிலரின் ஒழுங்குமுறையைக் கண்டு பிறர் நகைத்து இட்ட பட்டப்பெயரே. பின்னர் அவர்களே அதனை ஏற்றுக்கொண்டனர். 1680-ஆம் ஆண்டளவில் 'இஸம்' என்னும் வால் உடலை விட்டுக் கழன்று தானே ஒரு பெயர்ச்சொல்லாக நடமாடத் தொடங்கிவிட்டது. ஏளனத்தோடு 'இஸங்கள்' என்று பொதுப்படப் பேசும் வழக்கத்துக்கு வயது 300 ஆண்டுகளுக்கு மேல்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் சமயம் விட்ட இடத்தை அரசியல் பிடித்துக்கொண்டது. டெரரிஸம் என்னும் சொல்லின் கதை இங்கே குறிப்பிடத்தக்கது. 1793, 1794 ஆகிய ஆண்டுகளில் பாரிஸில் ஆட்சியிலிருந்தோர் அச்சுறுத்தலையே ஆட்சிமுறையாகக் கொண்டு பல்லாயிரவரைக் கொலைக்களத்துக்கு அனுப்பினர். அந்த அரசாங்கத்தின் செயலுக்கு இடப்பட்ட பெயரே அது. இன்று அரசாங்கங்கள் தம்மை எதிர்த்து ஆயுதம் ஏந்துவோரைக் குறிக்கவே அதனைப் பெரிதும் வழங்குகின்றன. ஈறு மாறவில்லை, எறிபவரும் ஏற்பவரும் இடம் மாறிவிட்டனர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் லிபரலிஸம், சோஷலிஸம், கம்யூனிஸம் முதலியன ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காப்பிடலிஸம் என்ற பெயரைப் பரப்பியவர் பெரும்பாலும் அம்முறையைக் கண்டித்தவர்களே. 1867-இல் 'மூலதனம்' என்னும் பெருநூலின் முதற்பாகத்தை வெளியிட்ட கார்ல் மார்க்ஸ் அச்சொல்லை அரிதாகவே ஆண்டார் என்பது பலரும் அறியாத செய்தி. தம் பெயரால் கிளம்பிய இஸத்தைக் கேள்வியுற்று, தாம் மார்க்சியர் அல்லர் என்று அவர் கூறியதாக அவருடைய நண்பர் எங்கெல்ஸ் எழுதியிருக்கிறார்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. 1931 மார்ச்சில் கராச்சியில், தமக்கு எதிராக முழக்கமிட்டவர்களை நோக்கி, காந்தி இறக்கலாம், காந்தியிஸம் இறவாது என்ற கருத்தைக் காந்தியடிகள் வெளியிட்டார். ஐந்து ஆண்டுகள் கழிந்து 1936-இல், காந்தியிஸம் என்று ஒன்று இல்லை என்றும், தமக்குப் பின் ஒரு பிரிவினரை விட்டுச்செல்லத் தாம் விரும்பவில்லை என்றும் எழுதினார். இவ்விரண்டையும் முரண் என்று கொள்ளவேண்டுவதில்லை. சொல் ஒன்றேயாயினும் அதன் ஈறு இரு வேறு தொழில்களைச் செய்கிறது. முன்னது வாழ்ந்து காட்டிய முறை; பின்னது கட்டிப்பூட்டிய கோட்பாடு. கிரேக்கரின் பழைய பொருளும் ஐரோப்பியரின் புதிய பொருளும் ஒரே மனிதர் வாக்கில் ஐந்தாண்டு இடைவெளியில் வெளிப்பட்டன என்றே நாம் கருதுகிறோம்.

மருத்துவர்கள் கையில் இந்த ஈறு வேறொரு வழியிற் சென்றது. ருமாட்டிஸம் கிரேக்கர் காலத்திலேயே இருந்தது. உடலின் தீயநீர் மூட்டுகளுக்கு ஒழுகிச் செல்வதால் நோவு உண்டாகிறது என்று அவர்கள் எண்ணியதால் ஒழுக்கு என்னும் பொருளில் அப்பெயர் வந்தது. கெட்டுப்போன உணவினால் உண்டாகும் பாட்டுலிஸம் என்ற கொடிய நோய்க்கு மூலம் லத்தீனில் இறைச்சிக்குழல் உணவைக் குறிக்கும் சொல். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் நாட்டில் அவ்வுணவை உண்டவர்கள் மாண்டதைக் கண்டு வைத்த பெயர். ஆனால் வரலாற்றில் மிகப் பெரிய மாற்றத்தை உண்டாக்கியது ஆல்கஹாலிஸம் என்னும் பெயரே. 1849-இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் மாக்னஸ் ஹஸ் அதனை வழக்கிற்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னர் மிதமிஞ்சிய குடி பெரும்பாலும் ஒழுக்கக்கேடாகவும் பாவமாகவும் எண்ணப்பட்டது. நோய்களுக்குரிய ஈறு ஒட்டியதும் குடிகாரர் நோயாளரானார். நீதிமன்றத்துக்கும் கோயிலுக்கும் உரியவராக இருந்தவர் மருத்துவமனைக்கும் உரியவரானார். தமிழிலும் குடிவெறி என்பது ஒரு சொல், குடிநோய் என்பது மற்றொரு சொல். எந்தச் சொல்லைக் கையாளுகிறோமோ அந்தச் சொல்லுக்கேற்ற முகத்தோடுதான் அம்மனிதரை நோக்குகிறோம்.

இனி நம் சமயங்களுக்கு வருவோம். சைவம், வைணவம், சமணம், பௌத்தம் என்று தனித்தனியே வழங்கியும், நெறி, மார்க்கம், தர்மம் என்று பொதுவாகக் கூறியும் வந்தவர்கள் நம் முன்னோர். சிந்து நதியின் பெயரைப் பாரசீகர் உச்சரித்த வகையில் 'இந்து' என்ற சொல் பிறந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் அதனோடு தம் ஈற்றை ஒட்டி ஹிந்துயிஸம் என்றனர். 1816, 1817 ஆகிய ஆண்டுகளில் ராஜா ராம்மோகன் ராய் தம் ஆங்கில எழுத்துக்களில் அதனை எடுத்தாண்டார். புத்திஸம், ஜெயினிஸம், சீக்கிஸம் என்பவையும் இவ்வாறே அமைந்தன. சீக்கியர் தம் நெறியைக் குர்மத் என்கின்றனர்; குருவின் உபதேசம் என்பது அதன் பொருள். சீனத்திலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் கன்பூஷியனிஸம் எனப்படுவதைச் சீனர் சான்றோர் போதனை என்ற பொருளுடைய பெயரால் அழைத்தனர். கன்பூஷியஸின் பெயர் அதில் இல்லை.

இஸ்லாமியர் மட்டும் இவ்வீற்றை உறுதியாக மறுத்தனர். முகம்மதனிஸம் என்ற பெயர் நெடுங்காலம் ஆங்கில நூல்களில் வழங்கிற்று. 1949-இல் அறிஞர் கிப் எழுதிய நூலின் தலைப்பே அதுதான். தாம் வணங்குவது இறைவனையே அன்றி நபிகளை அன்று என்பதை முஸ்லிம்கள் எடுத்துக்காட்டி, அரபு மொழியிலுள்ள இஸ்லாம் என்ற தம் பெயரையே நிலைநாட்டினர். ஈறு ஒட்டாமலே ஆங்கில அகராதியில் இடம்பெற்ற பெருஞ்சமயப் பெயர் அது.

இவ்வாறு பெயரிட்டதனால் என்ன வந்துவிட்டது என்று வினவலாம். கனடா நாட்டு அறிஞர் வில்பிரெட் கான்ட்வெல் ஸ்மித் 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட நூலொன்றில் இதனை விரிவாக ஆராய்ந்தார். மக்களின் வழிபாடும் ஒழுக்கமும் நம்பிக்கையும் பல்லாயிரம் கிளைகளாக ஓடிக்கொண்டிருக்க, அவற்றைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்து மூடிவிடுகின்றன இப்பெயர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரு வீட்டில் குலதெய்வத்துக்குப் படையலும், பெருமாள் கோயிலில் அர்ச்சனையும், நாகூர் தர்காவில் நேர்த்திக்கடனும் செய்கின்ற தாய்மார்களை இந்தப் பெட்டிகளுள் எதில் வைப்பது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு கட்டத்தையே நிரப்பச் சொல்கிறது. ஆனாலும் மறுபுறத்தையும் நாம் மறைக்கலாகாது. சிதறிக் கிடந்தவர் ஒரு பெயரால் ஒன்றுசேர்ந்து சட்டத்தின் முன்னும் உலகத்தின் முன்னும் பேசுவதற்கு இப்பெயர்கள் உதவியதும் உண்மையே.

20-ஆம் நூற்றாண்டில் பிறந்த இஸங்களுள் ஒரு வகை முற்றிலும் வேறானது. 1930களில் ரேஸிஸம் பரவலாக வழங்கலாயிற்று. 1960களில் ஸெக்ஸிஸம், 1969-இல் முதியோரை இகழ்வதைக் குறிக்கும் ஏஜிஸம் என்பன தோன்றின. காஸ்டிஸம் என்ற சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்த பெருமையோ சிறுமையோ நம் நாட்டு ஆங்கிலத்துக்கு உரியது. சோஷலிஸத்தை உடையவர், 'நான் சோஷலிஸ்ட்' என்று மேடையில் முழங்குவார். சாதிவெறி உடையவர் எவரும் 'நான் காஸ்டிஸ்ட்' என்று சொல்லிக்கொள்வதில்லை. கம்யூனலிஸம் என்ற சொல்லும் நம்மிடம் வந்து பொருள் மாறியது. ஐரோப்பாவில் அது ஊர்தோறும் மக்கள் தாமே கூடி ஆளும் முறையைக் குறித்தது. இங்கோ அது வகுப்புவாதமாயிற்று.

இந்திய மொழிகளில் இவற்றைப் பெயர்க்க முற்பட்டோர் பட்ட பாட்டையும் காண்போம். இந்தியில் 'வாத்' என்ற ஒரே சொல் பெரும்பாலும் பணியை முடித்துவிடுகிறது. ஸமாஜ்வாத், ஸாம்யவாத், ராஷ்ட்ரவாத், ஜாதிவாத், ஆதங்க்வாத் என்று கொள்கையும் வெறியும் கொலையும் ஆங்கிலத்தைப் போலவே ஓரினமாக நிற்கின்றன. தமிழிலும் வாதம் உண்டு. பிரிவினைவாதம், பயங்கரவாதம் என்கிறோம். அதில் ஒரு வேடிக்கையும் கலந்திருக்கிறது. பேச்சு என்னும் பொருளுடைய வடசொல்லும், உடலின் காற்றைக் குறிக்கும் வேறொரு வடசொல்லும் தமிழ் எழுத்தில் வாதம் என்றே ஆகிவிட்டன. ஆகவே டெரரிஸமும் வாதம், ருமாட்டிஸமும் வாதம்!

ஆயினும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இந்த ஒன்றோடு நின்றுவிடவில்லை. கம்யூனிஸத்தைப் பொதுவுடைமை என்றனர். அங்கே பொருள் யாருக்கு உரியது என்பதே பெயராயிற்று. சோஷலிஸத்தைச் சமதர்மம் என்றனர். அங்கே அறம் பெயராயிற்று. காப்பிடலிஸம் முதலாளித்துவம் ஆனது. பேட்ரியாட்டிஸம் நாட்டுப்பற்று, ரேஸிஸம் இனவெறி. ஆங்கிலம் ஒரே ஈற்றால் மூடிவைத்ததைத் தமிழர் ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்து, உள்ளே இருப்பது உடைமையா, தர்மமா, பற்றா, வெறியா என்று தீர்மானிக்க வேண்டியதாயிற்று. தீர்மானம் எப்போதும் நடுநிலையானது என்று கூறமாட்டோம். நேஷனலிஸத்தை ஒருவர் தேசியம் என்பார், மற்றொருவர் தேசிய வெறி என்பார். ஆனால் எப்பக்கம் நிற்கிறார் என்பது சொல்லிலேயே புலப்பட்டுவிடும். அண்மைக் காலத்தில் மார்க்சியம், பெண்ணியம், சாதியம் என 'இயம்' என்ற ஈறு எங்கும் பரவிவருகிறது. எழுதுவோர்க்கு இது வசதியாகவே இருக்கிறது. பெண்ணியமும் சாதியமும் ஒரே ஈற்றோடு அருகருகே நிற்கும்போது, ஒன்று உரிமைக்குரல், மற்றொன்று கொடுமை என்பதைச் சொல்லின் வடிவம் நமக்கு உணர்த்துவதில்லை. ஆங்கிலத்தின் மூடி நம்மிடமும் வந்துவிட்டது.

ஸெக்யுலரிஸம் என்ற சொல்லில் மட்டும் யாவரும் ஒருங்கே இந்த ஈற்றைக் கைவிட்டது வியப்புக்குரியது. 1851-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் அச்சொல்லை ஆக்கியபோது, மறுமையை நோக்காது இம்மை நலனையே அடிப்படையாகக் கொண்டு வாழும் முறை என்று பொருள் கொண்டார். அது தனி மனிதருக்கான ஒரு கொள்கை. நம் நாட்டில் அது அரசு எல்லாச் சமயங்களையும் எவ்வாறு நடத்தவேண்டும் என்பதைக் குறிப்பதாயிற்று. 1976-இல் 42-ஆம் திருத்தத்தின் வாயிலாக அரசியலமைப்பின் முகப்புரையில் சேர்ந்தபோது ஈறின்றி, 'ஸெக்யுலர்' என்ற அடைமொழியாகவே அது சேர்ந்தது. இந்தியில் 'பந்த் நிரபேக்ஷ' என்று எழுதினர். எதற்கும் 'வாத்' சேர்க்கும் அம்மொழி இங்கே சேர்க்கவில்லை. தமிழில் நாம் மதச்சார்பின்மை என்கிறோம். ஆங்கிலம் ஒரு கொள்கை என்று உரைத்ததைத் தமிழ் ஒரு சார்பு இல்லாமை என்று உரைக்கிறது.